ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு 10 லிட்டர் குக்கர்: ஓராண்டுக்குப் பின் எழுதும் மதிப்பீடு

மதுரை வில்லாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் உட்காருகிறோம். எங்கள் பிள்ளைகள் மூவர். உசிலம்பட்டியில் இருக்கும் என் அண்ணனின் பிள்ளைகள் இருவர் படிப்புக்காக எங்களோடு தங்கியிருக்கிறார்கள். இவர்களோடு என் அம்மா, மனைவி, நான். மனைவி செவிலியர். காலைப் பணி வரும் வாரங்களில் அவர் ஆறு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார் என்பதால், அந்த வாரங்களில் அடுப்படி முழுவதும் என் பொறுப்பு. நான் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். சமையல் எனக்குத் தொழிலும் அல்ல, பொழுதுபோக்கும் அல்ல. ஆகவே, சென்ற ஆண்டு வெண்கலக்கடைத் தெருவில் வாங்கிய 10 லிட்டர் குக்கரைப் பற்றி நான் எழுதும் இந்த மதிப்பீட்டைக் கைதேர்ந்த சமையற்காரரின் கருத்தாகக் கொள்ளாமல், காலை ஏழேகால் மணிக்குள் ஐந்து சாப்பாட்டு டப்பாக்களை மூடி வைக்க வேண்டிய ஒருவனின் கணக்கு வழக்காகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் தோசை. குக்கர் வாங்குவதற்கு முன், நேரமில்லாத நாட்களில் எங்கள் வீட்டு இரவு உணவு பெரும்பாலும் தோசையாகத்தான் இருந்தது. மாவு தெருமுனையில் கிடைக்கும், கல்லைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் ஒரு தோசை, இதைவிட விரைவான உணவு எது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால், ஆளுக்கு மூன்று வீதம் எட்டுப் பேருக்கு 24 தோசை. தோசைக்கு இரண்டு நிமிடம் என்றால் 48 நிமிடம். அந்த 48 நிமிடமும் ஒருவர் கரண்டியோடு கல்லின் முன் நின்றாக வேண்டும். கடைசி ஆளின் தட்டில் தோசை விழும் நேரத்தில் முதலில் சாப்பிட்டு எழுந்தவன் மறுபடியும் பசிக்கிறது என்று வந்து நிற்பான். சப்பாத்தியும் இப்படித்தான், பூரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு விரைவாக இருக்கும் உணவு, ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு விரைவானதாக இருப்பதில்லை. ஒரு பண்டம் எத்தனை நிமிடத்தில் வேகிறது என்பதைவிட, ஒரே ஏற்றத்தில் எத்தனை பேருக்கு வேகிறது என்பதுதான் எங்களைப் போன்ற வீடுகளுக்கு உரிய அளவுகோல் என்று எனக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின.

இதை அரசாங்கம் எனக்கு முன்பே புரிந்துவைத்திருந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் இரட்டையர் இருவரும் வார நாட்களில் காலை உணவைப் பள்ளியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து ஒப்பிக்கும் பட்டியலைக் கேட்டால், உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார் என்றுதான் வாரம் முழுக்கச் சுழலும். அதில் தோசைக்கோ சப்பாத்திக்கோ இடமே இல்லை. நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவர் செய்யாத ஒன்றை, ஐந்து பிள்ளைகளுக்குச் சமைக்கும் நான் ஏன் தினமும் செய்துகொண்டிருந்தேன் என்ற கேள்விதான் என்னை வெண்கலக்கடைத் தெருவுக்கு அனுப்பியது.

அதுவரை எங்களிடம் இருந்தது 5 லிட்டர் குக்கர். அதில் எட்டுப் பேருக்குப் பொங்கல் வைக்க முயன்றவர்களுக்கு அதன் துன்பம் தெரியும். பச்சரிசி 3 டம்ளர், பாசிப்பருப்பு ஒரு டம்ளர், தண்ணீர் 17 டம்ளர் என்று வைத்தால், 200 மில்லி டம்ளர் கணக்கில் மொத்தம் நான்கு லிட்டருக்கு மேல் வந்துவிடும். பருப்பும் அரிசியும் நுரைத்துப் பொங்குபவை என்பதால், குக்கரின் பாதி அளவுக்கு மேல் அவற்றை நிரப்பக் கூடாது. மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இந்த விதி எல்லாக் குக்கர்களோடும் வரும் சிறு புத்தகத்தில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. 5 லிட்டரில் நான்கு லிட்டரை நிரப்பினால், விசில் வழியே பருப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து அடுப்பெல்லாம் மஞ்சளாகும். அதைவிட மோசம், நுரை உள்ளே புகுந்து ஆவிக் குழாயை அடைத்துவிடக்கூடும். அதே பொங்கல் 10 லிட்டர் குக்கரில் பாதிக்கும் கீழே அடங்கிக் கிடக்கிறது. ஓராண்டில் ஒருமுறைகூட அடுப்பு மஞ்சளாகவில்லை.

நான் வாங்கியது வெளி மூடி கொண்ட அலுமினியக் குக்கர். உள்ளே அடுக்கி வைக்க மூன்று பாத்திரங்கள், அவற்றைத் தாங்க ஓட்டைகள் உள்ள தட்டு, தனியாக இட்லித் தட்டுகள். எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆயிற்று. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை; இந்த அளவிலும் அமைப்பிலும் பல நிறுவனங்கள் செய்கின்றன, நான் குறையாகச் சொல்லப்போவதில் பெரும்பகுதி 10 லிட்டர் என்ற அளவுக்கே உரிய குறை. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஐ.எஸ். 2347 என்ற தர எண்ணோடு வரும் அந்த முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குக்கர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நான் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில் முத்திரையே இல்லாத குக்கரை எடுத்துக் காட்டி, “கனம் பாருங்கண்ணே, இதுக்கு முத்திரை எதுக்கு” என்றார் விற்பனையாளர். கனம் இருந்தது உண்மைதான். ஆவியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய பாத்திரத்துக்குக் கனம் மட்டும் போதாது என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டீலா அலுமினியமா என்ற கேள்வி எல்லார் வீட்டிலும் எழும். ஸ்டீல் விலை கூடுதல், சூடு அடியில் ஒரே சீராகப் பரவாது, அடிபிடிக்கும்; ஆனால் புளியும் தக்காளியும் நேரடியாகப் போட்டுச் சமைக்க அதுவே நல்லது. நான் புளிப்பானவற்றை உள்ளிருக்கும் ஸ்டீல் அடுக்குப் பாத்திரத்தில் வைத்துவிடுவதால் அலுமினியத்தோடு நிறுத்திக்கொண்டேன். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அடிப்பாகம் அதற்கேற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் அலுமினியம் அதில் சூடேறாது.

இனி இதன் உண்மையான பயனுக்கு வருகிறேன். காலையில் நான் அதிகம் நம்புவது சாம்பார் சாதத்தை. ஏறத்தாழ 3 லிட்டர் கொள்ளும் கீழ்ப் பாத்திரத்தில் மூன்றரை டம்ளர் அரிசியும் ஏழரை டம்ளர் தண்ணீரும். அதற்கு மேல் உள்ளதில் ஒரு டம்ளர் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், அம்மாவின் வற்புறுத்தலால் ஒரு சொட்டு விளக்கெண்ணெய், மூன்று டம்ளர் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேல் உள்ளதில் முருங்கைக்காய், கேரட், சின்ன வெங்காயம், தக்காளி, சாம்பார்ப்பொடி, கரைத்த புளி. குக்கரின் அடியில் முக்கால் லிட்டர் தண்ணீர். புளியைப் பருப்போடு சேர்க்காமல் தனித் தட்டில் வைப்பது அலங்காரத்துக்காக அல்ல. புளிப்புச் சேர்ந்தால் பருப்பு எளிதில் குழையாது. தனித்தனியாக வெந்த மூன்றையும் ஓர் அகலமான பாத்திரத்தில் கொட்டி, நெய்யில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கலந்தால் ஐந்து டப்பாவும் நிரம்பும், அம்மாவுக்கும் மதியத்துக்கு இருக்கும்.

நேரக் கணக்கை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஐந்து பத்துக்கு அடுப்பில் ஏற்றினால், முதல் விசில் வர ஐந்து இருபத்தைந்து ஆகிறது. அதன்பின் தீயைக் குறைத்து ஏழு நிமிடம். அணைத்தபின் ஆவி தானாக அடங்க இன்னும் 15 முதல் 18 நிமிடம். ஆக, மூடி திறக்க ஐந்து ஐம்பது. நாற்பது நிமிடம் என்பது விரைவுச் சமையலா என்று கேட்பவர்கள், அந்த நாற்பதில் நான் அடுப்பின் முன் நின்றது எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். முந்தைய இரவே காய் நறுக்கி வைத்துவிட்டால், ஏற்றுவதற்கு எட்டு நிமிடம், இறக்கித் தாளிப்பதற்கு ஆறு நிமிடம். இடைப்பட்ட நேரத்தில் குளித்து முடித்து, இரட்டையரை எழுப்பி, ஒன்பதாம் வகுப்புக்காரனின் காணாமற்போன காலுறையையும் தேடிக் கொடுத்திருப்பேன். தோசைக்கல் இந்த விடுதலையை ஒருநாளும் தந்ததில்லை.

இந்தக் குக்கருக்கு மாறுகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யும் பிழை விசில் கணக்கு. பழைய 5 லிட்டர் குக்கரில் அரிசிக்கு மூன்று விசில் என்றால் இதிலும் மூன்று என்று விட்டு, நானும் முதல் மூன்று நாள் கஞ்சியைத்தான் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்தேன். காரணம் எளியது. பெரிய குக்கர் சூடேறி ஆவி நிறையவே கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள்ளேயே உள்ளே இருப்பது பாதி வெந்துவிடும். உள்ளே அழுத்தம் முழுமையாக ஏறியபின் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரிதான். விசில் என்பது அந்த அழுத்தத்துக்கு மேல் மிஞ்சிய ஆவி வெளியேறும் சத்தமே தவிர, சமையலின் அளவு அல்ல. ஆகவே முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே சரியான வழி. இதை அம்மா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை; அடுத்த அறையில் இருந்தபடியே விரல் விட்டு எண்ணிக்கொண்டு, “ஏப்பா, இன்னும் ரெண்டு வரலையே” என்று குரல் கொடுப்பார். கொடைக்கானலுக்குக் குடிபோன உறவினர் ஒருவர், அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று எங்களிடம் குறைப்பட்டதுண்டு. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான அந்த மலையில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், குக்கர் செய்யும் வேலை என்ன என்பது தெளிவாக விளங்கும்.

பருப்பு வேகாமற்போவதற்கு எங்கள் ஊரிலேயே வேறொரு காரணம் உண்டு. எங்கள் பகுதியில் பலர் வீட்டில் புழங்குவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு நறுக்கு நறுக்கென்றே நிற்கும். ஆகையால் பாத்திரங்களுக்குள் ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்; குக்கரின் அடியில் ஊற்றுவது எந்தத் தண்ணீராகவும் இருக்கலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஆறு மாதத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்த உப்புப் பொறையையும், உள்சுவரில் ஏறிய கருமையையும் பார்த்தபின் அதையும் மாற்றிக்கொண்டேன். பிழிந்த எலுமிச்சைத் தோலையோ, கரைத்து எறியும் புளிச் சக்கையையோ அடித்தண்ணீரில் போட்டுவிட்டால் அலுமினியம் கறுப்பதில்லை.

கலவைச் சாதங்கள் எல்லாமே இந்த அடுக்கில் எளிதாகின்றன. கீழே சோறு வேகும்போது மேல் தட்டில் பாசிப்பயறோ தட்டைப்பயறோ சுண்டலுக்கு வெந்துவிடும். எலுமிச்சைச் சாதத்தோடு அந்தச் சுண்டலைக் கட்டிக் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தனிப் பொரியல் தேவையில்லை. கொண்டைக்கடலையை இந்த அடுக்கில் சேர்க்கக் கூடாது; இரவெல்லாம் ஊறினாலும் அது வேகும் நேரத்துக்குச் சோறு குழைந்துவிடும். முட்டைகளைக் கழுவி மேல் பாத்திரத்தில் அடுக்கினால் எட்டும் ஒன்றாக வெந்து, ஓடும் சுலபமாக உரிகிறது. தயிர்ச் சாதத்துக்குச் சோற்றைச் சூட்டோடு மசித்து, நிறையப் பாலும் ஒரு கரண்டித் தயிரும் மட்டும் சேர்த்துக் கட்டினால், மதுரை வெயிலில் மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது புளிக்காமல் சரியான தயிர்ச் சாதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னியை மட்டும் டப்பாவில் கட்ட வேண்டாம், மதியத்துக்குள் ஊசிவிடும்.

இரவில் இட்லி. வெயிட்டை எடுத்துவிட்டு, இட்லித் தட்டுகளை அடுக்கி, நல்ல ஆவி வந்தபின் 12 நிமிடம் வைத்தால் 24 இட்லி ஒரே ஏற்றத்தில் இறங்குகின்றன. தோசைக்கு 48 நிமிடம் நின்ற அதே மாவு. மீந்த இட்லியை மறுநாள் உதிர்த்து வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து உப்புமாவாக்கினால், முந்தைய நாள் இட்லியை வேண்டாம் என்ற பிள்ளையே இரண்டாம் முறை கேட்டு வாங்குவான். ஆனால், மல்லிகைப்பூ இட்லியைப் பெருமையாகப் பேசும் ஊரில் இருந்துகொண்டு இதையும் சொல்லியாக வேண்டும்: துணி போட்டு ஊற்றும் இட்லிப் பானையின் மென்மை குக்கர்த் தட்டில் வருவதில்லை. நடுத் தட்டுகளின் இட்லிகளில் மேலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டுச் சற்றே நொசநொசக்கிறது. அம்மாவுக்கு நான்கு இட்லி தனியாகப் பானையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் குக்கர் என்று சமரசமாகியிருக்கிறோம்.

மாலையில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரந்தான் உண்மையில் கடினமானது. ஐந்து பேரும் ஐந்து விதமான பசியோடு ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். கையில் காசு கொடுத்தால் பஜ்ஜிக் கடையில் போய் நிற்பார்கள். அண்ணன் கொடுத்தனுப்பும் பச்சை நிலக்கடலையையோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ, மக்காச்சோளத்தையோ அம்மா மூன்றரை மணிக்குக் குக்கரில் ஏற்றி அணைத்துவிடுகிறார். மூடியைத் திறக்காமல் வைத்திருந்தால் ஐந்து மணி வரைக்கும் சூடாகவே இருக்கிறது. பெரிய குக்கர் மெதுவாகத்தான் ஆறும் என்பது காலையில் எனக்கு எரிச்சல். மாலையில் அம்மாவுக்கு அதுவே வசதி. மூத்தவள் பதினோராம் வகுப்பு; அவளுக்கென்று வாரம் ஒருமுறை கருப்பட்டியும் பூண்டும் வெந்தயமும் சேர்த்து அப்பத்தா வைக்கும் உளுந்தங்கஞ்சியும் இதே குக்கரில்தான், மற்ற நால்வரும் பங்குக்கு வந்துவிடுவதால் அதுவும் எட்டு டம்ளர் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில்தான் இந்தக் குக்கர் என்னைக் கைவிட்டது. ஒரு கிலோ சீரகச் சம்பா, ஒரு கிலோ கோழி, அளவெல்லாம் தாராளமாகக் கொள்கிறது. ஆனால் இதன் அடித்தகடு, கொள்ளளவோடு ஒப்பிட்டால், மெல்லியது. தம் போடும் நேரத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு அடிபிடித்து, அந்தத் தீய்ந்த வாடை மேலே உள்ள சோற்றுக்கும் ஏறிவிட்டது. பழைய தோசைக்கல்லைக் கீழே வைத்து அதன்மேல் குக்கரை ஏற்றியபின் சரியாயிற்று. எனினும், 3,400 ரூபாய் கொடுத்து வாங்கிய பாத்திரத்துக்குத் தோசைக்கல்லை முட்டுக் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. நேரடியாகச் சமைப்பதற்கு இதை வாங்குகிறவர்கள் கனத்த அடியுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அடுக்குப் பாத்திரத்துக்காக வாங்குகிறவர்களுக்கு, அடியில் எப்போதும் தண்ணீரே இருப்பதால், இது ஒரு பொருட்டல்ல.

அளவினால் வரும் மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிறிய பர்னரில் வைத்தால் ஆடுகிறது. பெரிய பர்னர் இதற்கே உரியதாகிவிட்டது. வெறுங்குக்கரே ஏறத்தாழ நான்கு கிலோ. நிறைந்த குக்கரை அம்மாவால் இறக்க முடியாது, பெரிய பிள்ளைகளை இறக்கவிட எனக்கு மனம் வரவில்லை. கழுவும் தொட்டியில் படுக்காது. முற்றத்துக் குழாயடியில்தான் தேய்க்கிறோம். வீட்டில் மூன்று பேர் மட்டும் இருக்கும் நாளில் இதை எடுப்பது வீண். ஒரு டம்ளர் அரிசிக்காக இதைச் சூடேற்றினால் பழைய குக்கரைவிட எரிவாயு கூடுதலாகத்தான் செலவாகும். அதனால் 5 லிட்டரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. நிறைய அளவுக்குப் பயன்படுத்தும்போது மிச்சம் தெரிகிறது: 14.2 கிலோ சிலிண்டர் முன்பு 24 நாள் வந்தது, இப்போது 28, 29 நாள் வருகிறது. இதில் தோசையைக் குறைத்ததன் பங்கும் இருக்கும் என்பதால், முழுப் பெருமையையும் குக்கருக்குக் கொடுக்கமாட்டேன்.

காய்கள் குழைந்துபோவது இன்னொரு குறை. சோற்றுக்கான நேரத்தில் மேல் தட்டில் இருக்கும் கத்தரிக்காயும் பூசணியும் உருத்தெரியாமல் கரைந்துவிடும். முருங்கையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் தாங்கும். வெண்டைக்காயை நினைத்தே பார்க்க வேண்டாம். காயைப் பெரிய துண்டாக நறுக்குவது ஓரளவு உதவும். வாரம் ஒருமுறை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகிறேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறக்கப்பட்ட சந்தை அது. முன்பெல்லாம் கண்ணில் பட்ட காயை வாங்கி வருவேன். இப்போது குக்கரில் தாங்குமா என்று பார்த்துத்தான் பை நிறைகிறது. சமையற்பாத்திரம் காயைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்று மனைவி சொல்வதை நான் மறுக்கவில்லை. கீரையும் வெண்டையும் அவர் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

பிள்ளைகள் நடமாடும் வீடு என்பதால் என் பிழை ஒன்றையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை ஏழு மணிக்கு, பொங்கல் இருந்த குக்கரின் ஆவி அடங்கப் பொறுமையில்லாமல், குழாயடியில் வைத்து மூடிமேல் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். வெயிட்டைத் தூக்கிப் பார்த்தேன், சீறல் நின்றிருந்தது, மூடியைத் திருகினேன். அடுத்த நொடியில் பொங்கல் குமுறிக்கொண்டு மேலெழுந்து முற்றத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு அப்பிக்கொண்டது. கையில் இரண்டு இடத்தில் கொப்புளத்தோடு தப்பித்தேன். மூடியும் மேலே இருந்த ஆவியும் குளிர்ந்தனவே தவிர, கெட்டியான பொங்கலின் உள்ளே சூடு 100 டிகிரிக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறது. அழுத்தம் சட்டென்று விலகியதும் அதற்குள் இருந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்துவிட்டது. தண்ணீர்போல் இளகியிருக்கும் பண்டத்தைவிடப் பொங்கல், கூழ், கிச்சடி போன்ற கெட்டியானவற்றில்தான் இந்த ஆபத்து அதிகம். அன்றிலிருந்து ஆவி தானாக அடங்கும் அந்தக் கால் மணி நேரத்தைச் சமையல் நேரத்தின் பகுதியாகவே கணக்கிட்டு, அதற்கேற்ப முன்னதாக எழுந்துகொள்கிறேன். அவசரமென்றால் அன்றைக்குப் பொங்கலே கிடையாது. வறுத்த ரவை டப்பாவில் எப்போதும் இருக்கும், வாணலியில் எட்டுப் பேருக்கும் உப்புமா பதினைந்து நிமிடம்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பொறுத்தவரை, வாங்கிய கடையில் உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தாமல் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் மாதம் கைப்பிடித் திருகு கழன்று நான் போய் நின்றபோது, அட்டை செல்லாது என்றார்கள். திருகு 20 ரூபாய்தான், வேறொரு கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பணம் கொடுக்கும் முன் அட்டையில் முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வு தேய்ந்தாலோ உருகினாலோ, அதே நிறுவனத்தின் வால்வாக வாங்கி மாற்றுவதுதான் சரி. விலை குறைவென்று கிடைக்கும் மாற்றுப் பொருளில் நான் கை வைப்பதில்லை.

எட்டுப் பேர் உண்ணும் வீட்டுக்கு இதை மறுபடியும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். இதே விலைக்கு அடி கனத்த ஒன்று கிடைத்தால் அதை வாங்குவேன். பிள்ளைகள் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 5 லிட்டரே போதும், இது இடத்தை அடைக்கும். மூன்று பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள வீட்டார் ஏழரை லிட்டரைப் பார்க்கலாம். ஆனால் அடுக்குப் பாத்திரங்களின் அளவைக் கையில் எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். பல குக்கர்களில் வெளியளவு பெரிதாக இருக்கும், உள்ளிருக்கும் பாத்திரங்களோ பொம்மைச் சாமான்போல் இருக்கும்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். இந்த அளவுக்கான காஸ்கெட் தெருமுனைப் பாத்திரக் கடைகளில் கிடைப்பதில்லை. பதினோராம் மாதம் ரப்பர் தளர்ந்து மூடியோரம் ஆவி கசிந்தபோது, நான் அச்சகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வெண்கலக்கடைத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் தோசைதான். திரும்பும்போது இரண்டாக வாங்கி வந்தேன். ஒன்று மூடியில் இருக்கிறது, மற்றொன்று அடுப்படிக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது.